கல்வெட்டுப் பாடியவர்

புளியங்கூடலில் யாராவது இறந்தால், அவர்மேல் பாடிய கல்வெட்டு என்ற இரங்கற்பாவைச் சின்னப் புத்தகமாக அச்சடித்து, முப்பத்தோராம் நாள் வாசிப்போம். அம்மாவுக்குப் பாடியவர் எங்கள் ஊர்ப் புலவர். போரில் இடம்பெயர்ந்து தென்மராட்சியில் இருந்தபோது பக்கத்துக் குடில் அவருடையது. அம்மா முதல் குடம் தண்ணீரை அந்தக் குடிலுக்குக் கொடுத்த பிறகே எங்களுக்கு ஊற்றுவார். அதை அப்படியே ஒரு வரியில் வைத்திருந்தார் புலவர். அதே தண்ணீரைத்தான் நானும் குடித்தேன். எனக்குத் தாகம் தீர்ந்தது, அவ்வளவுதான்.

பிறகு ஒவ்வொரு திவசத்துக்கும் அதையே வாசித்தோம். வாசிப்பவன் நான். முதலில் அழுபவனும் நான்தான். மூக்குச் சிந்துவதற்கென்றே இரண்டு இடத்தில் நிறுத்துவேன்.

மூன்றாம் வருசம், திவசத்துக்கு இரண்டு வாரம் இருக்க, புலவரின் மனைவி உடைந்த கையோடு எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தார். உடைத்தவர் புலவர். முதல் தடவையுமல்ல. நாலு பேர் புலவரிடம் போய்ப் பேசி, மூன்றாம் நாள் மனைவியை அவரிடமே திருப்பி அனுப்பினோம். அந்த நாலு பேரில் நானும் ஒருவன். புலவர் வீட்டுத் தேநீர் நன்றாக இருந்தது.

"அந்தாளின்ரை பாட்டு இனி இந்த வீட்டிலை வேண்டாம், அண்ணை," என்றாள் தங்கச்சி.

"பாட்டு என்ன பிழை செய்தது?"

"அழுறதுக்கு ஏதும் வேணுமெண்டால் நீங்களே எழுதுங்கோவன்."

நாலு நாள் இருந்து எழுதினேன். அம்மா போன துக்கத்தில் எங்கள் ஆடு மெலிந்தது என்று தொடங்கியது. தங்கச்சி வாசித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இது அம்மாவுக்கோ, ஆட்டுக்கோ?"

திவசத்துக்குப் புலவர் வரவில்லை. அவர் மனைவி வந்து, கட்டுப்போட்ட கையை மடியில் வைத்தபடி மற்றக் கையால் வெற்றிலை அடுக்கினார். நான் ஆட்டுப் பாட்டை வாசித்தேன். ஒருவரும் அழவில்லை. இரண்டு பேர் சிரிப்பை அடக்கினார்கள். அம்மா இருந்திருந்தால் அவரும் சிரித்திருப்பார்.

"தம்பி, பழையதை வாசியுங்கோ," என்றார் புலவரின் மனைவி.

"வேண்டாம், அக்கா."

"எனக்காக விடாதேங்கோ. அந்தத் தண்ணி நானும் குடிச்சனான்."

தங்கச்சி எழும்பி அடுப்படிக்குள் போய்விட்டாள். நான் வாசித்தேன். வழக்கமான இடத்தில் எல்லோரும் அழுதார்கள், அவரும்தான். நானும் மூக்கைச் சிந்தினேன். அந்த அழுகை பொய்யில்லை. அதுதான் இன்றைக்கும் என்னைத் தின்கிறது.

சாப்பாடு முடிந்து அவர் புறப்பட்டபோது, வருசா வருசம் போல, பாடியவரின் பங்கை வாழையிலையில் கட்டினேன். கை பழகிய பழக்கத்தில் இரண்டு வடை கூடவே வைத்தது. அவர் நல்ல கையை நீட்டி வாங்கினார்.

"சுணங்கினால் அவர் ஏசுவார்," என்று சொல்லி, வெயிலுக்குள் அவசரமாக நடந்தார்.