ஏலக்காரியின் மூச்சு

மீன் சந்தையில் அவளை எல்லோரும் ‘சங்கு’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஏலம் விடும் குரல் அப்படி. அவள் விலை சொன்னால் வெளியே வண்டி நிறுத்துகிறவனுக்கும் கேட்கும். இரண்டாவது பிள்ளை பிறந்து, கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பிய அன்று, முதல் கூடைக்கே குரல் பாதியில் நின்றுபோனது. மூச்சைப் பிடித்து மறுபடி கத்தினாள். கால்வழியே சிறுநீர் சூடாக இறங்கியது.

பக்கத்திலிருந்த ஐஸ் தண்ணீர் வாளியைத் தன்மேல் கவிழ்த்துக்கொண்டு, “கண்ணு தெரியலையா?” என்று பொதுவாக யாரையோ திட்டினாள். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. குரல் போனதைத்தான் மறைக்க முடியவில்லை.

“சங்குக்கே சங்கு ஊதியாச்சு!” என்றார் ஒரு வியாபாரி. சந்தையே சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரித்ததில் இன்னும் கொஞ்சம் போனது.

அதன்பின் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டாள். அதைக் கவனித்தவள் தையல் கூடத்தில் வேலை பார்க்கும் நாத்தனார்.

“அண்ணி, இருமினா போகுதா?”

“உனக்கு யாரு சொன்னா?”

“யாரு சொல்லணும்? என் சின்னவன் பள்ளிக்கூடம் போறான், எனக்கே இன்னும் நிக்கல. பிள்ளை பெத்தா அப்படித்தான்னாங்க. வாயை மூடிக்கிட்டேன்.”

இருவரும் சேர்ந்தே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பிசியோதெரபிஸ்ட் பெண் ஏலக்காரியின் வயிற்றில் கைவைத்துக் கத்தச் சொன்னாள். “மூச்சை அடக்கி, வயித்தை எக்கிக்கிட்டுக் கத்துறீங்க. அழுத்தமெல்லாம் கீழே போகுது. அடியில தாங்குற தசை பிரசவத்துல தளர்ந்திருக்கு” என்றாள். விலா விரிய மூச்சை இழுக்க வேண்டும். விடும்போது, சிறுநீரை அடக்குவதுபோல் அந்தத் தசையை மேலே இழுத்து, பிறகு முழுசாகத் தளர்த்த வேண்டும்.

“மூச்சு விடத் தெரியாமலா இத்தனை வருஷம் உசுரோட இருந்தேன்?” என்றாள் ஏலக்காரி. செய்து பார்த்தபோது, உள்ளே எதுவுமே அசையாதது அவளுக்கே தெரிந்தது. மறுபடி மூச்சை இழுத்துப் பார்த்தாள்.

வீட்டில் தரையில் படுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தவளைக் கணவன் பார்த்தான்.

“பட்டப்பகல்ல தூக்கமா?”

“வேலை பார்க்கிறேன். பிள்ளையைத் தூக்கு.”

தூக்கினான்.

வாரக்கணக்கில் ஒரு மாற்றமும் இல்லை. ஒருநாள் தும்மினாள், ஒன்றும் ஆகவில்லை. மெல்லக் குரலும் வந்தது. ஆனால் மூச்சை அடக்கி விலை சொல்வதை விட்டுவிட்டாள். ஒவ்வொரு விலைக்கும் நடுவே நிறுத்தி மூச்செடுத்தாள். அந்த இடைவெளியில் பொறுமை இல்லாதவர்கள் தாங்களே விலையை ஏற்றினார்கள்.

நாத்தனாருக்கு முழுசாக நிற்கவில்லை, குறைந்திருக்கிறது. தையல் கூடத்துக்குப் பிள்ளை பெற்றுத் திரும்புகிறவர்களை அவளே தனியாகக் கூப்பிட்டு, “இருமினா போகுதா?” என்று கேட்டுவிடுகிறாள்.