அட்டைக்கடி என்று நான் எழுதியது

“…அட்டைக்கடிக்குப் போயி பதுளை பெரியாஸ்பத்திரியாடி? எங்கூட கொழுந்து எடுத்தவதானே நீ. பண்டாரவளையில ஒரு வருஷம் படிச்சிட்டு வந்தவொடனே அட்டைய மறந்துட்டியா?”

டிஸ்பென்சரி பெஞ்சில் உட்கார்ந்து அக்கா இப்படிக் கேட்டபோது, மருந்துக்கு வந்திருந்த மூன்று பேரும் சிரித்தார்கள். வேறொரு நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். அவளுடைய இடது கால் என் முன்னால் ஸ்டூலில் இருந்தது. கட்டியிருந்த துணியை அப்போதுதான் அவிழ்த்திருந்தேன். சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும் கறுத்துப் போயிருந்தன.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் அல்ல. மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டத்தில் இருபத்திரண்டு வருஷம் அவளுக்கு அடுத்த நிரையில் நின்று கொழுந்து எடுத்தவள் நான். அவள் பேச்சைக் கேட்டுக்கொண்டே எடுத்தால் கூடை நிறைவது தெரியாது. மழை இறங்கி அட்டை காலில் ஏறினால், வேலைக்கு வந்தவர்களைப் பதியும் கங்காணியிடம் அதைக் காட்டி, “ஐயாவும் வந்துட்டாரு, ஒரு பேரு போட்டுக்கங்க” என்பாள்.

முதுகு விட்டுப்போன பிறகு, நாற்பத்து நான்கு வயதில், மகள் வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மருத்துவ உதவியாளர் படிப்பு படித்தேன். காயம் கட்ட, பிரஷர் பார்க்க, சீனி பார்க்கப் பழக்கினார்கள். எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரியிலேயே வேலையும் கிடைத்தது. முதல் நாள் எங்கள் லயத்து வரிசைவீட்டுச் சனமே வாசலில் நின்று, “டொக்டரம்மா, வழிவிடுங்க” என்று கும்பிட்டது. அதில் பெரிய கும்பிடு அக்காவுடையது.

மூன்று வாரத்துக்கு முன்னால் அவள் இதே காலோடு வந்தாள். “அட்டை கடிச்சது ஆறமாட்டேங்குது, எதாச்சும் பூசக் குடு” என்றாள். துணி சுற்றியிருந்தாள். நான் அவிழ்த்துப் பார்க்கவில்லை. அட்டைக்கடியை நாங்கள் காயம் என்று நினைத்ததே கிடையாது. சுண்ணாம்பைத் தொட்டு வைத்துவிட்டு அடுத்த செடிக்கு நகர்ந்துவிடுவோம். என் கால்களிலும் அந்தத் தழும்புகள்தான். புத்தகத்தில் ‘அட்டைக்கடி’ என்று எழுதி, களிம்பு கொடுத்து அனுப்பினேன். டவுனிலிருந்து வந்த ஒரு பிள்ளை என் நாற்காலியில் இருந்திருந்தால், அட்டை என்ற சொல்லுக்கே பயந்து துணியை அவிழ்த்திருக்கும்.

இன்றைக்குச் சீனி பார்த்தபோது மெஷினில் எண்ணே வரவில்லை. மெஷினால் அளக்க முடியாத அளவுக்குச் சீனி ஏறியிருந்தது. கால் மரத்துப்போய் எத்தனை மாதமோ. டிஸ்பென்சரிக்குப் பொறுப்பான டொக்டர் ஐயா ஒரு தடவை குனிந்து பார்த்தார். “இன்னைக்கே அனுப்பணும்” என்று சொல்லிவிட்டு, கடிதம் எழுத உள்ளே போனார். ஆட்டோவுக்கு ஆள் அனுப்பியாயிற்று. அவளுக்கு விளங்க வைப்பது என் வேலை.

“இது அட்டையில்லக்கா, சீனி. வெரலு செத்துப்போச்சு. இன்னும் விட்டா காலும் போயிரும்.”

“போனா எப்ப வர்றது?”

“தெரியலக்கா.”

“நான் மலைக்கு வேலைக்குப் போகலைன்னா எங்க வீட்டுல தோட்டத்துல பேரு உள்ளவங்க யாரு இருக்கா? குடியிருக்கிற லயத்துக் காம்பராவத் திருப்பிக் கேப்பாங்க. மக மாசமா இருக்கா. அவள எங்க கொண்டுபோயி வைக்கிறது?”

அப்படிக் கேட்கமாட்டார்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. கீழ் லயத்தில் ஒரு குடும்பம் சாமான்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு இறங்கியதை இரண்டு பேரும் பார்த்திருக்கிறோம்.

“அன்னைக்கே நான் அவுத்துப் பாத்திருக்கணும்” என்றேன். “எந் தப்புக்கா.”

இப்போது யாரும் சிரிக்கவில்லை. அக்கா குனிந்து, கறுத்த விரலைக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடித்து நெரித்தாள். முகத்தில் எதுவும் மாறவில்லை. மறுபடியும் நெரித்தாள்.

“கொழுந்தா இருந்தா, முத்தலுன்னு அப்பவே தூக்கிப் போட்டிருப்பேன்” என்றாள்.

என்னை அவள் ஏசவில்லை. ஏசியிருக்கலாம். வெளியே ஆட்டோ மேட்டில் ஏறும் சத்தம் கேட்டது.

“ஆப்பரேசனுக்கு உள்ள கொண்டுபோறப்ப நக நட்டு ஒண்ணும் இருக்கக்கூடாதாமே?”

“ஆமாக்கா.”

“அப்ப இதை மககிட்ட நீயே குடுத்துரு” என்று சொல்லிவிட்டு, இரண்டு கைகளையும் முகத்துக்குக் கொண்டுபோய் மூக்குத்தியின் திருகாணியைத் திருகத் தொடங்கினாள்.