‘தாழ்மையுடன்’ இல்லாத கடிதம்

தேங்காய் எண்ணெயும் தோலும் கலந்த வாசனை. போன வாரம் எங்கள் ஊர்க் கடைத்தெருவில் செருப்புத் தைக்கிறவர் ஒரு பழைய இடுப்பு வாருக்கு எண்ணெய் தடவித் தேய்த்துக்கொண்டிருந்தார். அறுந்த செருப்பைப் பிடித்தபடி நின்ற எனக்கு வாசனை மூக்கில் ஏறியதும் கை தானாக இறுகியது. யாரையாவது அறைய வேண்டும் போலிருந்தது. அறைய வேண்டிய ஆள் இறந்து இரண்டு மாதம் ஆகிறது.

அந்தச் செய்தி பழைய வகுப்புக்காரர்களின் வாட்ஸப் குழுவில்தான் வந்தது. கைகூப்பும் படங்கள், அழும் முகங்கள். “சார் மாதிரி ஒருத்தர் இனிமே பொறந்துதான் வரணும்” என்று ஒருவர். “அந்தப் பாலைவனத்துல நமக்குக் கெடச்ச ஒரே நிழல்” என்று இன்னொருவர். நான் ஒன்றும் எழுதவில்லை. நிழலாம். அந்த நிழலில் உட்கார்ந்துதான் நான் வெந்தேன்.

துபாய், கராமா. தொண்ணூறுகளின் நடுவில். கீழே ஓர் இட்லிக் கடை, அதற்கு மேல் தையற்கடை, அதற்கும் மேல் எங்கள் மாலைக் கல்லூரி. கல்லூரி என்றால் நான்கு அறைகள், சொட்டும் மூன்று ஏசிகள், ஊரிலிருக்கும் பல்கலைக்கழகம் ஒன்றின் அஞ்சல்வழிப் பட்டத்துக்கு ஆள் தயார்செய்யும் ஏற்பாடு. தட்டச்சு செய்கிறவர், வண்டி ஓட்டுகிறவர், துணிக்கடையில் நிற்கிறவர், இருபத்தாறு வயதில் நான். பகலெல்லாம் யாருக்கோ டியூட்டி பார்த்துவிட்டு, பதினெட்டு வயதில் தவறவிட்ட கல்லூரியைத் தேடி மாடியேறியவர்கள். படிக்கட்டில் சாம்பார் வாசனை மூன்றாம் மாடிவரை கூடவே வரும். வகுப்பறைக்குள் நுழைந்ததும் அதை வெட்டிக்கொண்டு இந்த வாசனை, தோலும் தேங்காய் எண்ணெயும்.

அவர் எங்களுக்கு வரலாறு எடுத்தார். திருநெல்வேலிக்காரர். இளமையில் ஐந்தாறு வருடம் அமெரிக்காவில் படித்தவர். படிக்கப் போன இடத்தில் பேஸ்பால் என்ற ஆட்டம் அவரைப் பிடித்துக்கொண்டது, ஆடுவதற்கு அல்ல, அதன் வரலாற்றைத் துருவுவதற்கு. பலகையில் பிரெஞ்சுப் புரட்சியைத் தொடங்குவார். பாதியில் சாக்பீஸ் தடம் மாறி நான்கு மூலையுள்ள ஒரு கட்டம் வரையும். அதன் நடுவே எப்போதோ செத்துப்போன ஒருவர் பந்து வீசுவார். மேசை இழுப்பறையில் பந்து பிடிக்கும் தோல் கையுறை ஒன்று இருந்தது, விரித்துவைத்தால் ஆளின் முகத்தையே மூடிவிடும். ஏசிக் காற்றில் தோல் வெடிக்கும் என்று அதற்குத் தேங்காய் எண்ணெய். பேசிக்கொண்டே தடவுவார். கேள்வி கேட்டால் தடவுவது நிற்கும். அதுதான் அவர் நம்மைக் கவனிக்கிறார் என்பதற்கு அடையாளம். அந்த நிறுத்தத்துக்காகவே நாங்கள் கேள்வி கேட்டோம்.

“சார், இன்னிக்கு ஷார்ஜாவுல இந்தியா பாகிஸ்தான் மேட்ச். ஊரே டிவி முன்னாடி உக்காந்திருக்கு. நீங்க செத்துப்போன அமெரிக்காக்காரன் கதைய சொல்லிட்டிருக்கீங்க” என்றார் வண்டி ஓட்டுகிறவர், ஒருநாள்.

“உசுரோட இருக்கவன் ஆட்டத்த எவன் வேணாலும் பாத்திருவான். செத்தவன் ஆட்டத்தப் பாக்கதுக்குத்தாம்ப்பா படிப்பு வேணும்.”

“அப்ப நாங்க மேட்ச் பாத்துட்டு வந்துடறோம் சார். செத்தவங்க எங்கயும் போயிட மாட்டாங்க.”

அவர்தான் முதலில் சிரித்தார். பிறகு நாங்கள். நானும் சிரித்தேன். அவரை எனக்குப் பிடித்திருந்தது. இதை ஒருமுறை எழுதித் தொலைத்துவிடுகிறேன், மறுபடி யாரும் கேட்கக்கூடாது.

அந்த வருடம் அமெரிக்காவில் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்து ஆட்டமே பாதியில் நின்றுபோயிருந்தது. அவர் கொதித்தார். ஆட்டம் நின்றதற்காக அல்ல. பத்திரிகைகள் ஆட்டக்காரர்களைத் திட்டியதற்காக. ஒரு செவ்வாய்க்கிழமை, பாடத்தை மூடிவைத்துவிட்டுச் சொன்னார். முன்பு அந்த ஆட்டத்தில் ஒரு விதி இருந்ததாம். ஓர் அணிக்குக் கையெழுத்துப் போட்டவன் அந்த அணியின் உடைமை. அணி அவனை விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம், சும்மா உட்காரவைக்கலாம். அவனாக வேறு அணிக்குப் போக முடியாது.

அறையில் ஒரே ஒரு சத்தம், ஏசித் தண்ணீர் வாளியில் சொட்டுவது. எங்கள் இருபது பேரின் பாஸ்போர்ட்டும் வேறு யாருடைய பெட்டியிலோ பூட்டிக் கிடந்தது.

“கஃபீல்” என்றார் தட்டச்சர். விசாவுக்குப் பொறுப்பேற்கும் ஆளை அங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். அவர் கையெழுத்தில்லாமல் ஒரு கம்பெனி விட்டு இன்னொரு கம்பெனிக்குப் போக முடியாது.

“அதேதான்” என்றார் சார். கண் மின்னியது. இப்போது நினைத்தால் எரிகிற மின்னல் அது. ரசித்தார் மனிதர். எங்கள் கழுத்துக் கயிறு அவருக்கு நல்ல உதாரணமாகக் கிடைத்துவிட்டது.

பிறகு அந்த ஆட்டக்காரனின் கதை. பெரிய ஆட்டக்காரன், கறுப்பினத்தவன். அவனை வேறு ஊர் அணிக்கு விற்றபோது, நான் விற்பனைக்கல்ல என்று கடிதம் எழுதினானாம். கெஞ்சிக் கேட்கவில்லை, சொன்னான். வழக்குப் போட்டான். நாட்டின் உச்ச நீதிமன்றம்வரை போனது. “அவன் போட்ட பாதையிலதாம்ப்பா பின்னால வந்தவன் எல்லாம் விடுதலையா நடந்தான்” என்று கையுறையை மேசைமேல் வைத்தார். மணியடித்தது.

நான் எழுந்திருக்கவில்லை. எல்லோரும் போன பிறகும் அந்த வாக்கியத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

ஏனென்றால் எனக்கு ஒரு மேசை காத்திருந்தது. அபுதாபியில், கட்டிட வரைபடம் போடும் அலுவலகத்தில், ஜன்னலோரமாக. ஊரில் தொழிற்பயிற்சியில் நான் படித்தது வரைபடம். பார்த்த வேலையோ துபாய்க்குள்ளேயே, அல் கூஸில், ஸ்பேர் பார்ட்ஸ் கிடங்கில். நாள் முழுக்க பேரிங், கேஸ்கட், ரேடியேட்டர். விரல் நகத்தில் கிரீஸ் போகாத மூன்று வருடம். மாதக் கடைசிக்குள் பழைய முதலாளியிடமிருந்து ரிலீஸ் கடிதம் கொண்டுவந்தால் மேசை எனக்கு, இல்லையென்றால் அடுத்த ஆளுக்கு என்றிருந்தார்கள்.

கிடங்கு முதலாளி எங்கள் ஊர்க்காரர், கடற்கரைப் பக்கத்து வியாபாரி. எல்லோரும் அவரைக் காக்கா என்போம். மூத்த அண்ணனுக்குச் சொல்கிற சொல். அவர்தான் விசா எடுத்து என்னைக் கொண்டுவந்தார். அவரிடம் ரிலீஸ் வாங்கும் முறை ஊருக்கே தெரியும். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து அவர் வீட்டுக்குப் போக வேண்டும். சாப்பிட வேண்டும். மாமா ஒருவரைக் கூட்டிப்போய், அவர் வாயால் பேச்சைப் போட வேண்டும். காக்கா முதல் தடவை கோபிப்பார், இரண்டாம் தடவை பேசாமல் இருப்பார், மூன்றாம் தடவை “போய்த் தொலை, நல்லா இரு” என்று கையெழுத்துப் போடுவார். எனக்கு முன்னால் நான்கு பேர் அப்படித்தான் போனார்கள். எழுத்தில் யாரும் கேட்டதில்லை.

நான் எழுதினேன். மூன்று நாள் எழுதினேன். அடுத்த வகுப்புக்குக்கூடப் போகாமல் அறையில் உட்கார்ந்து, இங்கிலீஷில், நண்பனின் தட்டச்சு இயந்திரத்தில். கொண்டுபோய் சாரிடம் கொடுத்தேன்.

அவர் சிவப்புப் பேனாவை எடுத்தார். நம் ஊர் மனுக்களில் வரிக்கு வரி வருகிற அந்த ‘தாழ்மையுடன்’, அதை நான் இங்கிலீஷில் போட்டிருந்ததை அடித்தார். ‘தயவுகூர்ந்து’வை அடித்தார். ‘கடமைப்பட்டவனாவேன்’ மேல் கோடு இரண்டுமுறை போயிற்று.

“கேக்காத. சொல்லு” என்றார்.

“கோவிச்சுக்க மாட்டாரா சார்?”

“உரிமைய கேக்கவன்தாம்ப்பா பயப்படணும். சொல்லுதவனுக்கு என்ன?”

பிறகு, வகுப்புக் கட்டுரைக்குப் போடுவதுபோல், ஓரத்தில் பத்துக்கு எட்டு என்று மதிப்பெண் போட்டார். நான் சந்தோஷப்பட்டேன். சுத்தமாக மறுபடி தட்டச்சு செய்தேன். அந்த எட்டு மதிப்பெண்ணை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

காக்கா கிடங்கு அலுவலகத்தில் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, உதட்டை அசைத்து அசைத்துப் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார்.

“யாரு எழுதிக் குடுத்தது?”

“நாந்தான் காக்கா.”

“நீயா. மூணு வருஷமா என்கூட சாப்புட்டவன் நீ. இதுல ஒரு இடத்துல என்னைய காக்கான்னு போட்டிருக்கியா?”

“ஆபீஸ் லெட்டர்ல அப்படிப் போட மாட்டாங்க.”

“ஓஹோ. ஆபீஸா இது.” ரேடியேட்டர் அடுக்கைப் பார்த்தார். “ஒன் மாமாவ கூட்டிக்கிட்டு வெள்ளிக்கெழம வந்திருந்தா நான் தந்திருப்பேன்டா. ரெண்டு வாரம் திட்டிட்டுத் தந்திருப்பேன். இப்ப என்னைய கோர்ட்டுல நிறுத்துன மாதிரி ஒரு காயிதத்த நீட்டுற.”

“தப்பா எடுத்துக்காதீங்க...”

“கலாஸ். முடிஞ்சுபோச்சு.” கடிதத்தை நான்காக மடித்தார். கிழிக்கவில்லை. கிழித்திருந்தால் ஆத்திரம் என்று நினைத்துக் காத்திருப்பேன். மடித்து இழுப்பறையில் வைத்து, விசாவைக் கேன்சல் செய்யச் சொன்னார். கேன்சலோடு பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரையும், திரும்பி வரத் தடை. என் மேசை அபுதாபி ஜன்னலோரத்தில் வேறு யாருக்கோ போயிற்று.

மறுநாள் சாயங்காலம் சார் வீட்டுக்குப் போனேன், கராமாவிலேயே, இரண்டு தெரு தள்ளி. மடியில் கையுறை. நடந்ததைச் சொன்னேன். எண்ணெய் தடவுவது நிற்கவில்லை.

“நீங்க ஒருதடவ வந்து பேசுங்க சார். நான்தான் திருத்துனேன், பையன் மேல தப்பில்லன்னு ஒரு வார்த்தை. படிச்சவங்க சொன்னா கேப்பாரு.”

“நான் வந்து என்னன்னுப்பா சொல்லட்டும்?”

“அதான் சொன்னேனே.”

“அவரு எங்க கல்லூரி ஓனருக்கு ஃபோன் போட்டா?” குரல் இறங்கியது. “என் விசா அந்த ஓனர் கைல இருக்கு. மக பத்தாவது பரீட்ச எழுதப்போறா.”

உள்ளறையில் அந்தப் பெண் சத்தமாக ஏதோ மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். வேதியியல் என்று நினைக்கிறேன். நான் அவர் விரல்களையே பார்த்தேன். தோலின் ஒவ்வொரு மடிப்பிலும் எவ்வளவு பொறுமையாக எண்ணெய் இறங்குகிறது. உச்ச நீதிமன்றம்வரை போனவனின் கதை சொன்ன வாய், ஒரு டாக்சியில் ஏறி அல் கூஸ்வரை வர மாட்டேன் என்கிறது. செருப்பைப் போட்டுக்கொண்டு சொல்லாமல் இறங்கினேன்.

ஐந்தாம் நாள் மத்தியானம் விமானம். காக்காவின் டிரைவர் பாஸ்போர்ட்டைத் தன் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார், விமான நிலையத்துக்குள் போகும் வாசலில்தான் தருவார். அந்த வாசலில் சார் நின்றார். கையில் ஒரு காகிதப் பை. வெயிலில் நடந்து வந்த முகம். பையைத் திறக்காமலே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தது. அந்த வாசனை.

“இத வச்சுக்கப்பா.”

“எங்க ஊர்ல இத வச்சு என்ன பண்றது சார்? மீன் பிடிக்கவா?”

டிரைவர் சிரித்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாரின் கை நீட்டியபடியே இருந்தது. நான் வாங்கவில்லை. ஆனால் அறையில் ஐந்து நாளாக என்னைத் தூங்கவிடாத ஒன்று இருந்தது. கேட்டேன்.

“அந்த ஆட்டக்காரன், சார். கடிதம் எழுதுனவன். கேஸ் என்ன ஆச்சு?”

அவர் பையைக் கீழே இறக்கினார். “தோத்துட்டான்.”

“அப்புறம்?”

“ஒரு வருஷம் ஆடாம இருந்தான். திரும்பி வந்து கொஞ்ச நாள் ஆடுனான், முடியல. ஆட்டத்த விட்டுட்டு நாட்டைவிட்டே போயிட்டான். பலன் எல்லாம் பின்னால வந்தவனுக்குத்தான்.”

“இத ஏன் வகுப்புல சொல்லல?”

“சொன்னேம்ப்பா. அன்னைக்கு மணி அடிச்சிருச்சு. அடுத்த வகுப்புல முழுசாச் சொன்னேன். நீ வரல.”

அந்த வகுப்பு நடந்த நேரத்தில் நான் கடிதம் அடித்துக்கொண்டிருந்தேன். பத்தொன்பது பேர் மீதிக் கதையைக் கேட்டுவிட்டு, பேசாமல் வீட்டுக்குப் போய், அவரவர் கஃபீலுக்கு அடங்கி, இருபது வருடம் அங்கேயே இருந்து, இன்று வாட்ஸப்பில் அழுகிறார்கள்.

“என் லெட்டரத் திருத்துனீங்களே. அப்ப?”

அவர் எண்ணெய் பட்ட விரலைச் சட்டையில் துடைத்தார். துடைத்த இடத்தில் கறை பிடித்தது. டிரைவர் மணி பார்த்து, “யல்லா தம்பி” என்று பாஸ்போர்ட்டை என் கையில் வைத்தார்.

“போறேன் சார்” என்றேன்.

“போறேன்னு சொல்லாதப்பா. போயிட்டு வாரேன்னு சொல்லு.”

“வர முடியாது சார். சீல் அடிச்சுட்டாங்க.”