பாலசமுத்திரத்துத் தோல் குமாஸ்தா

ஆந்திர மாநிலம் பிரிந்த வருஷம், மெட்ராஸ் தோல் கம்பெனி ஒன்று தணிகாசலத்தைக் குமாஸ்தாவாகச் சித்தூர்ப் பக்கத்துப் பாலசமுத்திரத்துக்கு அனுப்பியது. ஏரிக்கு அப்பால் தகரக் கூரை போட்ட கிடங்கு. அதன் மூலையிலேயே அவனுக்குக் கட்டில். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வரும் ஆட்டுத் தோல்களைத் தரம் பிரித்து, உப்புப் போட்டுக் கட்டி, வாரம் ஒருமுறை லாரியில் ஏற்ற வேண்டும்.

வாடை அவன் உடம்போடு ஒட்டிக்கொண்டது. ஓட்டலில் பக்கத்து ஆள் இலையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துபோவான். சொந்த ஊரான திருத்தணியில் பார்த்த பெண் வீட்டாரும் ஒதுங்கிக்கொண்டார்கள். பிறகு அவன் ஓட்டலுக்குப் போகவில்லை. ஊருக்குப் போவதும் குறைந்தது. நாளெல்லாம் பேச இருந்தவள் செல்லியம்மா ஒருத்திதான். உப்புப் போட வருபவள். புருஷனை இழந்தவள், சேரியில் தனியாக இருந்தாள்.

ஐந்தாம் வருஷம் அவன் கழுத்தில் கறுப்பாக ஒரு கொப்புளம் கிளம்பியது. இரண்டே நாளில் முகம் வீங்கிப் பிதற்றத் தொடங்கினான். தோலிலிருந்து வந்த நோய், ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து ஊரார் யாரும் கிட்டே வரவில்லை. வண்டிக்காரன் பாலையாவும் தயங்கினான்.

"நான் புடிச்சிக்கினு உக்கார்றேன். நீ மாட்டை ஓட்டு, போதும்" என்றாள் செல்லியம்மா.

ரோடு வரை வண்டியில், அங்கிருந்து பஸ்ஸில் சித்தூர் ஆஸ்பத்திரி. பதினோரு நாள் வராந்தாவில் படுத்துக்கொண்டு அவனுக்குக் கஞ்சி ஊட்டினாள். காய்ச்சல் தெளிந்த அன்று அண்ணன் கிருஷ்ணப்பா திருத்தணியிலிருந்து வந்தான்.

"யார்ரா இது?"

"கிடங்குல கூலி. துட்டு குடுத்து இட்டாந்தேன்."

கையிலிருந்த டம்ளரைக் கட்டிலோரம் வைத்துவிட்டுச் செல்லியம்மா வெளியே போனாள். அதற்குப் பிறகு கிடங்குக்கு வரவேயில்லை.

இரண்டு வருஷம் கழித்து இரு மாநிலத்துக்கும் எல்லையை மாற்றிப் பிரித்தார்கள். திருத்தணி மெட்ராஸ் பக்கம் போனது, பாலசமுத்திரம் ஆந்திராவிலேயே நின்றது. எல்லை தாண்டி லாரி ஓட்டுவது இன்னும் தொல்லையாகிவிட்டது என்று கம்பெனி கிடங்கை மூடி, அவனை மெட்ராஸ் பெரியமேட்டுக் கிடங்குக்கு வரச் சொன்னது.

அன்றுதான் அவன் முதல்முறையாகச் சேரிக்குள் போனான். செல்லியம்மா வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கிப் பொய் சொல்லிட்டேன்."

"தெரியும். நான் அங்கதான நின்னுக்கினு இருந்தேன்."

"எங்கூட மெட்ராஸுக்கு வந்துடு. கண்ணாலம் கட்டிக்கலாம்."

"தெரிஞ்சவங்க யாரும் இல்லாத ஊர்ல நான் பொண்டாட்டியா? உங்க அண்ணன் எதிர்ல சொல்லுவீங்களா?"

அவள் கொஞ்ச நேரம் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி கடலையை எடுத்துக்கொண்டாள்.

மெட்ராஸ் போய் மூன்று மாதம் கழித்து, திருத்தணிக்குப் போய் அண்ணனிடம் சொன்னான். இனி இந்த வாசலை மிதிக்காதே என்றான் கிருஷ்ணப்பா. தணிகாசலம் அடுத்த பஸ்ஸில் பாலசமுத்திரத்துக்கு வந்தான். செல்லியம்மாவின் குடிசை பூட்டியிருந்தது.

"கரும்பு வெட்டப் போச்சு. எந்த ஊருன்னு சொல்லல" என்றான் பாலையா.

"வந்தா, அண்ணங்கிட்ட சொல்லிட்டேன்னு சொல்லு."

"இன்னா சொன்னீங்கன்னு கேட்டா?"

"அவளுக்குத் தெரியும்."

பெரியமேட்டுக் கிடங்கின் மாடியறையில் பத்தொன்பது வருஷம் தனியாக இருந்தான். பாலையாவிடமிருந்து தகவல் எதுவும் வரவில்லை.