படகுக்குள் ரசமட்டம்

நான் தரை போடுகிறவன். எர்ணாகுளத்தில் வைட்டிலா பக்கத்து அடுக்குமாடிகளில் எத்தனை வீட்டுக்கு டைல் ஒட்டினேன், எத்தனை அறைக்கு மரத்தரை பதித்தேன் என்று எனக்கே நினைவில்லை. நான் போட்ட தரையில் கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்தில் நிற்கும். பெருமையாகத்தான் சொல்கிறேன். கேட்டுக் கேட்டு என் மனைவிக்குக் காது புளித்துவிட்டது.

அப்படிப்பட்டவன் கையில் ஒரு பழைய பாய்மரப் படகு வந்து சேர்ந்தது. மட்டாஞ்சேரியில் நான் வேலை பார்த்த வீட்டுக்காரருடையது. பாய்க்கயிற்றைப் பிடிக்க ஆள் வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைக் கூட்டிக்கொண்டு போவார். ஓட்டவும் அப்படியே பழகிக்கொண்டேன். தன் மகளோடு இருக்க அவர் வெளியூர் கிளம்பியபோது, படகை நீயே வைத்துக்கொள் என்று கொடுத்துவிட்டார்.

படகின் நடுவில் ஒரு சின்ன அறை உண்டு. இரண்டு பேர் படுக்கலாம், ஓர் அடுப்பு வைக்கலாம், நிமிர்ந்து நிற்க மட்டும் முடியாது. அதைக் காட்டுவதற்கு மனைவியை அழைத்துப் போனேன். படியிறங்கித் தரையில் வலது காலை வைத்தாள். உளுத்துப்போன பலகை அப்பளம் மாதிரி நொறுங்கி, கால் கெண்டைக்கால் வரை உள்ளே போய்விட்டது. அடியில் நாள்பட்ட எண்ணெய்த் தண்ணீர். நான் செய்த தப்பு, சிரித்துவிட்டேன்.

"ஊருக்கெல்லாம் தரை போடுற ஆளு! கட்டினவளுக்கு மட்டும் ஓட்டையோ?" என்றாள். கரையேறிப் புடவையைப் பிழிந்துகொண்டே அடுத்ததைச் சொன்னாள். "இனி இந்த வள்ளத்தில நான் காலு குத்த மாட்டேன்."

மட்டாஞ்சேரியிலேயே பிறந்து வளர்ந்தவள். கோபம் வந்தால் தமிழுக்குள் மலையாளம் புகுந்துவிடும். அவள் கால் வைக்க மாட்டேன் என்றால் வைக்கவே மாட்டாள். பிராட்வேயில் ஒரு புடவைக்கடையில் அப்படிச் சொல்லிவிட்டு வந்து பத்து வருஷமாகிறது. இன்றைக்கும் அந்தக் கடை வந்தால் எதிர்ப்பக்கமாகத்தான் நடப்பாள்.

எனக்கோ அவள் இல்லாமல் படகில் போகப் பிடிக்கவில்லை. செங்கோட்டைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவனுக்கு இந்த ஊரைக் காட்டியவள் அவள்தான். கப்பைக்கிழங்கு எங்கே வாங்குவது, திருப்பூணித்துறைக்கு எந்த பஸ், எல்லாம் அவள் சொல்லித்தான் தெரியும். இன்ஜின் போட்டில் ஆயிரம் தடவை எர்ணாகுளம் போய்வந்தவள். ஆனால் இன்ஜின் சத்தமே இல்லாமல், காற்று மட்டும் நம்மை இழுத்துக்கொண்டு போவது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியாமல் எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அதை அவளுக்குக் காட்டாமல் விடக்கூடாது என்று இருந்தது.

படகைக் கரையேற்றி, ஒரு ஷெட்டில் முட்டுக்கொடுத்து நிறுத்தினேன். பழைய தரையைக் கையாலேயே அள்ளி வெளியே போட முடிந்தது. குறுக்குச் சட்டங்களில் இரண்டு போயிருந்தன, புதிது வைத்தேன். படகுக்குள் நேரான சுவர் கிடையாது, ஒரு மூலைகூட மட்டத்துக்கு இல்லை. அட்டைப்பெட்டிகளைக் கிழித்து, வளைவுக்கு வளைவு வெட்டிப் பார்த்து, அதன்படி தண்ணீருக்குத் தாங்கும் மரைன் பிளைவுட்டை அறுத்தேன். தண்ணீர் இறைக்க நடுவில் ஒரு பலகையை மட்டும் தூக்கி எடுக்கிற மாதிரி விட்டேன். மற்றதெல்லாம் வீட்டில் செய்வது போலத்தான். ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவில் நிற்கும் வரை சட்டங்களின் இடப்பக்கத்தில் சன்னமான கட்டைகளைக் கொடுத்து உயர்த்தினேன்.

அப்போதுதான் ஷெட் காவலாளி சாயாவோடு வந்து எட்டிப் பார்த்தார். நான் பலகை தேய்க்கும் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

"ரசமட்டம் எந்தினா சேட்டா? வள்ளம் சரிஞ்ஞல்லே இரிக்குந்நது!"

மெஷின் இரைச்சலில் என் காதில் விழுந்தது இரண்டே சொல்: வள்ளம், சரி. மனிதர் பாராட்டுகிறார் என்று நினைத்து, "சரி, சரி" என்று பெரிதாகத் தலையாட்டினேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

படகைத் தண்ணீரில் இறக்கிய அன்று, வேடிக்கை பார்க்க மட்டும் வருவதாகச் சொல்லி மனைவி படித்துறைக்கு வந்தாள். கையில் ஓர் எலுமிச்சம்பழம். புது வண்டி எடுத்தால் சக்கரத்துக்கு அடியில் வைத்து நசுக்குவோமே, அதற்கு.

"இதுக்கு ஏது சக்கரம்?" என்றேன்.

"அப்போ அந்தப் புதுத் தரையில வையுங்க" என்று மேலிருந்தே என்னிடம் நீட்டினாள்.

உள்ளே இறங்கி, அவள் பார்க்கட்டும் என்று நட்டநடுவில் வைத்தேன். எலுமிச்சை ஒரு கணம் யோசித்தது. பிறகு விறுவிறுவென்று வலப்பக்கம் உருண்டு, படுக்கைப் பலகைக்கு அடியில் போய் முட்டி நின்றது.

காவலாளி சொன்னது அப்போதுதான் முழுசாக எனக்குக் கேட்டது. 'சரி' இல்லை, 'சரிஞ்ஞு': ரசமட்டம் எதற்கு, படகு சாய்ந்தல்லவா இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். ஷெட்டில் படகு இடப்பக்கம் சாய்ந்து நின்றிருக்கிறது. சாய்ந்த படகுக்குள் நான் மட்டமாகத் தரை போட்டிருக்கிறேன். தண்ணீரில் படகு நிமிர்ந்தது, தரை சாய்ந்துவிட்டது.

"கோலிக்குண்டு வெச்ச இடத்தில நிக்குமில்லே?" என்றாள் மேலிருந்து.

நடந்ததைச் சொன்னேன். "எல்லாத்தையும் பிரிச்சு முதல்லேருந்து போட்டுடுறேன். ஒரு மாசம். அப்புறம் நீ வந்தா போதும்" என்றேன்.

படித்துறையில் காலடிச் சத்தம் கேட்டது. கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்றே நினைத்தேன். படகு லேசாக அமுங்கியது. நிமிர்ந்து பார்த்தால், செருப்பைக் கழற்றிவிட்டுப் படியிறங்கி வருகிறாள். குனிந்து எலுமிச்சையை எடுத்து, திரும்பவும் நடுத்தரையில் வைத்து, உருள்வதற்குள் குதிகாலால் ஓங்கி ஒரு மிதி மிதித்தாள். பலகை முனகக்கூட இல்லை. சாறு மட்டும் வலப்பக்கமாக ஓடியது.

"சரிஞ்சா சரியட்டும் மனுஷா. உடையாம இருந்தா மதி, போதும்" என்றாள். "பாயை ஏத்துங்க."