வெண்கவசனும் வீட்டுச் சாவியும்

ஈரச் சாக்கும் மண்ணெண்ணெயும் கலந்த ஒரு வாசனை அந்தப் புத்தகத்திலிருந்து வரும். பிரித்துப் படித்தால் விரல் நுனியில் கறுப்பு மை ஒட்டிக்கொள்ளும். சுங்குவார்சத்திரம் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருந்த பழைய பேப்பர் கடையில், செய்தித்தாள் கட்டுகளுக்கு நடுவிலிருந்து அதை உருவி எடுத்துவந்தவர் இசக்கி அண்ணன். முன்னட்டை இல்லை, கடைசிப் பக்கங்களும் இல்லை. ஆகவே அந்தப் படக்கதையின் பெயரோ, எழுதியவர் யார் என்பதோ, வெளிவந்த ஆண்டோ எனக்கு இன்றுவரை தெரியாது. எதைப் படித்தாலும் ஆண்டைக் குறித்துவைக்கும் பழக்கமுள்ள எனக்கு இது தீராத குறை. நான் அதைப் படித்த காலம் மட்டும் நிச்சயம்: ஆறாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறை, 2003.

இசக்கி அண்ணன் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கம்பெனி வேலைக்கு வந்து, எங்கள் வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தார். ஷிப்ட் முடிந்து வந்ததும் படக்கதையோடு படுத்துவிடுவார். "மீச மொளச்ச ஆம்பள பொம்ம புக்கு பட்சிகினு கீறான் பாரு" என்று அம்மா சிரிப்பாள். "அக்கா, இதுல ஒங்க ஊரு கதைதான் வருது, படிச்சுப் பாருங்க" என்பார் அவர்.

கதை இதுதான். ஒரு நகரத்தை ஐந்து சூப்பர் ஹீரோக்கள் காக்கிறார்கள். ஒரு காலத்தில் உண்மையாகவே காத்தவர்கள். பிறகு காப்பதற்குக் கூலியாக நகரத்தையே எடுத்துக்கொண்டவர்கள். அவர்களில் பெரியவன் வெண்கவசன். மலையைப் பெயர்ப்பான், கடலை நிறுத்துவான். ஆனால் இருட்டில் அவன் பலம் போய்விடும், சுருண்டு படுத்து நடுங்குவான். இது மற்ற நால்வருக்கும் தெரியாது. தெரிந்தால் தன்னைக் கிழித்துவிடுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். ஒருநாள் சுரங்கப்பாதையில் விளக்கேற்றுபவனின் மகள் அவனை அந்தக் கோலத்தில் பார்த்துவிடுகிறாள். இரக்கப்பட்டு விளக்கை அவன் முகத்தருகே பிடிக்கிறாள். வெளிச்சத்தில் எழுந்து நிற்கும் அவன், அவளை நோக்கிக் குனிகிறான். அதோடு பக்கம் கிழிந்திருந்தது. அவன் என்ன செய்தான் என்று தெரியாமல் நான் பல நாள் பயந்தேன்.

எங்கள் ஊரிலும் ஒருவர் இருந்தார். "வேன் தாமு" என்பார்கள். நான் இரண்டாம் வகுப்பிலிருந்தபோது ஒரு மழைக்காலத்தில், ஏரித் தண்ணீர் ரோட்டில் புரண்டு டவுன் பஸ் ஒன்று சிக்கிக்கொள்ள, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு நீந்திப்போய் உள்ளேயிருந்தவர்களை ஒவ்வொருவராக இழுத்துவந்தவர் அவர். பிள்ளைகளின் விளையாட்டில் தாமுவாக யார் இருப்பது என்று சண்டையே நடக்கும். பிறகு கம்பெனிகள் வந்தன, காண்ட்ராக்ட் ஆட்களை ஏற்றிச்செல்ல வேன்கள் வந்தன. தினம் காலையில் நிறுத்தத்தில் நின்று, கூட்டத்தைப் பார்த்து அவர் விரல் நீட்டுவார். "நீ ஏறு. நீ ஏறு. நீ நில்லு." அவ்வளவுதான். அந்த விரலுக்குக் கீழேதான் இசக்கி அண்ணனும் நின்றார், கேன்டீனில் வேலை செய்த என் அப்பாவும் நின்றார். எதிர்த்துக் கேட்டவர்களுக்கு அடியும் விழுந்தது. தாமு விளையாட்டு எப்போது நின்றது என்று யாருக்கும் ஞாபகமில்லை.

மே மாதத்து மத்தியான வெயிலில் ஒருநாள், மாவு மில்லிலிருந்து டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தேன். வழியில் எதிர்ப்பட்ட இசக்கி அண்ணன் அதை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டார். மூடிக்கிடந்த லாரி எடைமேடையின் பின்னால் ஒரு பைக் சாய்ந்துகிடந்தது. பக்கத்தில் தாமு மண்ணில் கிடந்து வெட்டிவெட்டி இழுத்துக்கொண்டிருந்தார். கண் மேலே செருகியிருந்தது, வாயில் நுரை.

"வலிப்பு பாப்பா, பயப்படாத" என்று சொல்லிவிட்டு, இசக்கி அண்ணன் அவரை ஒருபக்கமாகப் புரட்டி, வாயைத் துண்டால் துடைத்து, எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்வதையே செய்தார். தன் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைத் தாமுவின் உள்ளங்கையில் வைத்து அழுத்தி மூடினார். கையில் இரும்பைக் கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்பது அன்றைய நம்பிக்கை. சாவிக்கும் வலிப்புக்கும் சம்பந்தமில்லை, அது தானாகவே அடங்கும் என்பதை நான் பின்னால்தான் படித்தேன். அதுபோலவே அன்றும் அடங்கியது. தாமு கண் திறந்து எங்களைப் பார்த்தார். கையிலிருந்த சாவியைப் பார்த்தார். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பைக்கை நிமிர்த்தித் தள்ளிக்கொண்டே போய்விட்டார்.

"சாவியக் கேக்கணும்னு நெனச்சேன், வாய் வரல பாப்பா" என்றார் இசக்கி அண்ணன். அந்தக் கொத்தில் அவருடைய அறைச் சாவியோடு எங்கள் வாசல் பூட்டின் சாவியும் இருந்தது.

"இன்னாது, நம்ம வூட்டு சாவி அவன் கைலயா?" என்று அம்மா தலையில் கைவைத்தாள். "முதல்ல பூட்ட மாத்து."

"மாத்தினா அவன திருடன்னு நெனைக்கிறோம்னு ஆயிடும்" என்றார் அப்பா.

"அப்ப போயி கேளு."

"கேட்டா, எங்க விழுந்து கெடந்தன்னு நானே அவனுக்கு ஞாபகப்படுத்தற மாதிரி ஆவும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ ஒண்ணும் பாக்கல. மில்லுல இருந்து நேரா வூட்டுக்கு வந்த. புரிதா?"

பூட்டை மாற்றவில்லை. உள்ளேயிருக்கும்போது கதவுக்குப் பின்னால் அம்மிக்கல்லை நகர்த்தி வைத்தோம்.

மறுநாளிலிருந்து தாமுவின் விரல் இசக்கி அண்ணனிடம் வந்ததும் "நீ நில்லு" என்றது. சில நாள் பொறுத்துப் பார்த்தவர், ஒரு காலையில் கூட்டத்துக்கு நடுவே கையெடுத்துக் கும்பிட்டு, "அண்ணாச்சி, சத்தியமா நான் யார்ட்டயும் சொல்லல" என்றுவிட்டார். சொல்லக்கூடிய விஷயம் ஏதோ இருக்கிறது என்பதே அதுவரை அங்கே ஒருவருக்கும் தெரியாது. எல்லாத் தலைகளும் தாமுவை நோக்கித் திரும்பின. அவர் நீட்டிய கையைப் பைக்குள் விட்டுக்கொண்டாராம். "இன்னாடா சொல்லல? காலங்காத்தால ஊத்திகினு வந்துட்டியா?" என்று அவர் சிரிக்க, கூட்டமும் சிரித்தது. இதைச் சொல்லும்போது அப்பாவின் முகம் வெளுத்திருந்தது. "கெடுத்துட்டான்" என்றார்.

மறுநாள் இசக்கி அண்ணன் வேறு வேலை தேடி ஒரகடம் பக்கம் போயிருந்தார். அம்மா ரேஷன் கடைக்குக் கிளம்பும்போது என்னை உள்ளே விட்டு வெளியே பூட்டினாள். "பூட்டி கீதுன்னா ஆள் இல்லன்னு போயிடுவாங்க. யாரு தட்டினாலும் கொரல் குடுக்காத." நான் அட்டையில்லாத புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். யாரும் தட்டவில்லை. பூட்டில் சாவி திருகும் சத்தம் கேட்டது. அம்மா இவ்வளவு சீக்கிரம் வரமாட்டாளே என்று நினைப்பதற்குள் கதவு திறந்தது. வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு தாமு நின்றார்.

"கத்தாத பாப்பா."

அவர் உள்ளே வந்து, என் எதிரே குந்தி உட்கார்ந்து, மெல்லக் குனிந்தார். கிழிந்துபோன பக்கம் இதுதான் என்று நினைத்தேன்.

"அன்னிக்கி நான் இன்னா பண்ணேன்?" என்று கேட்டார்.

புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

"எனக்கு ஒண்ணும் தெர்ல. கண்ணு தொறந்தா நீங்க ரெண்டு பேரும் நிக்கிறீங்க. கத்தினேனா? அழுதேனா? சொல்லு, அடிக்கமாட்டேன்."

அவர் முகம் வேர்த்திருந்தது. அவ்வளவு பெரிய உடம்பு என் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருப்பதைப் பார்க்க, எனக்குப் பயம் குறையவில்லை, கூடியது. "தூங்கிகினு இருந்தீங்க. அண்ணா வாயத் தொடச்சி வுட்டாரு" என்றேன்.

"தொடச்சானா?" என்றார். உள்ளங்கையால் தன் வாயை ஒருமுறை துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்துபோய், கதவைச் சாத்தி, முன்போலவே வெளியே பூட்டிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போனார். அம்மா வந்து பூட்டைத் திறந்தபோது நான் அம்மிக்கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் தாமுவின் ஆள் ஒருவன் வந்து, இசக்கி அண்ணன் அன்றே ஊரைவிட்டுப் போகவேண்டும் என்றான். "நான் என்னக்கா தப்பு செஞ்சேன்? விழுந்து கெடந்த மனுசன ஒருச்சாச்சுப் படுக்கவச்சது தப்பா?" என்று அவர் கேட்டார். அம்மா புளிச்சோறு கட்டிக்கொடுத்தாள். கிளம்பும்போது புத்தகத்தை என்னிடம் தந்து, "கடைசிப் பக்கம் கெடச்சா ஒரு லெட்டர் போடு பாப்பா" என்றார். முகவரி கேட்டுவைக்க எனக்குத் தோன்றவில்லை.

அதன்பின் மக்களை மிதிக்கும் சூப்பர் ஹீரோக்களின் கதைகள் எத்தனையோ படித்துவிட்டேன். பலசாலியின் பலவீனம் எது என்று தெரிந்துவிட்டால் அவனை வென்றுவிடலாம் என்றே பெரும்பாலானவை சொல்கின்றன. நான் கண்டது வேறு. தாமு எங்களில் யாரைவிடவும் அதிகமாகப் பயந்தார். அந்தப் பயத்தால்தான் நாங்கள் அவருக்குப் பயந்தோம். அவர் விழுந்துகிடந்ததைப் பார்த்த என்னை அவரால் விட்டுவைக்க முடிந்தது. வாயைத் துடைத்தவரை முடியவில்லை.

இன்று அந்த நிறுத்தம் இருந்த இடம் தெரியாதபடி சாலை அகலமாகிவிட்டது. கம்பெனிப் பேருந்துகள் தொழிலாளர் விடுதி வாசலுக்கே வருகின்றன. யார் ஏறுவது என்பதை செல்போன் சொல்கிறது. எடைமேடை இல்லை, பழைய பேப்பர் கடை இல்லை. தாமுவும் இல்லை, ஏதோ ஒரு வருடம் வேறொருவர் விரல் நீட்டினார், அவ்வளவுதான் தெரியும். எங்கள் வீட்டை இடிக்கும்வரை அப்பா அந்தப் பூட்டை மாற்றவில்லை, அந்தச் சாவியும் திரும்பி வரவில்லை.

இப்போது நான் குடியிருப்பது குன்றத்தூரில், மூன்றாவது மாடியில். வாசலில் சாவி திருகும் சத்தம் கேட்டால், வருவது வீட்டு ஆள்தான் என்று தெரிந்தும், "யாரது?" என்று கேட்டுவிடுகிறேன். பதில் வரும்வரை எழுந்திருப்பதில்லை.