கறை எடுக்கிறவளின் விரல்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பாண்டியம்மாளுக்குக் கறை எடுக்கிற வேலை. மெஷின் எண்ணெய், பிரிண்டிங் சாயம், டெய்லர் குடித்த டீ என்று வெள்ளைத் துணியில் எது சிந்தினாலும் அவளிடம்தான் வரும். இடது கை ஆட்காட்டி விரலைத் துணிக்கு அடியில் கொடுத்துக் கறையைத் தூக்கிப் பிடிப்பாள். வலது கையிலிருக்கும் ஸ்ப்ரே கன் மருந்தைப் பீய்ச்சும். கறை துணியை விட்டு விரலுக்கு இறங்கிவிடும். அவளிடம் தோற்காத கறையே இல்லை என்று கம்பெனியில் பேச்சு. அவளுக்கும் அதில் கொஞ்சம் கர்வம் உண்டு, இல்லாமலா இருக்கும்?

கல்யாணமான கையோடு புருஷன் ராமருடன் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவள். வந்த பிறகு எத்தனையோ லைன் வீடுகள், எத்தனையோ கம்பெனிகள். ஓட்டு மட்டும் ஊரிலேயே கிடந்தது. தேர்தல் வந்தால் கூடவே அவசர ஆர்டரும் வரும். இல்லாவிட்டால் பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது. நாற்பது தாண்டியும் ஓட்டே போடாதவள் என்று ராமர் கேலி பண்ணுவார். போன வருஷம் அங்கன்வாடி டீச்சர் வீடு வீடாக வந்தபோது, பெயரை இந்த ஊருக்கு மாற்ற எழுதிக் கொடுத்துவிட்டாள். புது வாக்காளர் அட்டை வந்தது. அதில் திருப்பூர் முகவரியைப் பார்த்தவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. முருகன் படத்துக்கு முன்னால் வைத்தாள்.

நாடாளுமன்றத் தேர்தலுக்கு முந்தின நாள் கம்பெனியில் ஒரே ஓட்டம். மறுநாள் லீவு என்பதால் ஊதாச் சாயம் சிந்திய பனியன் அத்தனையையும் அன்றைக்கே முடிக்கச் சொல்லிவிட்டார்கள். முடித்தாள். விரல் ஊதாவாகிவிட்டது. அந்த விரல் என்றைக்கும் ஏதாவது ஒரு நிறத்தில் இருப்பதுதான், அதை அவள் கவனிப்பதையே விட்டிருந்தாள்.

தேர்தலன்று பார்த்துக் குழாயில் தண்ணீர் வந்தது. பிடித்து, துவைத்து, தலைக்குக் குளித்துப் புதுச் சேலை கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்து வரிசையில் நிற்கும்போது வெயில் சாய்ந்திருந்தது. அவள் முறை வந்தது. பெயரை வாசித்தார்கள். மை வைக்கிறவர் விரலை நீட்டச் சொன்னார். நீட்டினாள். அவர் மைக்குச்சியைக் கீழே வைத்துவிட்டார்.

ஏற்கெனவே ஓட்டுப் போட்டவள் என்று கட்சி ஏஜென்ட் எழுந்து நின்றார். பின்னால் வரிசை முணுமுணுத்தது. பாண்டியம்மாள் நீட்டிய விரலை மடக்கிக்கொண்டாள். கள்ள ஓட்டுக்காரி என்கிறார்களே, அதுவும் ஒரு ஓட்டுகூடப் போடாதவளை!

"கம்பெனிச் சாயம் மேடம். பொறந்ததுலருந்து இன்னும் ஒரு ஓட்டுப் போட்டதில்ல" என்றாள்.

வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் நிர்மலா எழுந்து வந்து விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்க மையா இருந்தா நீங்க என்ன போட்டாலும் போகாதுங்க அக்கா. சாயம்னா போயிருமில்லீங்க? போய்த் தொடச்சுட்டு வாங்க. ஆறு மணிக்குள்ள வந்துருங்க."

வெளியே ராமர் மொபெட்டுடன் நின்றார். விஷயத்தைக் கேட்டதும் கேலியெல்லாம் பறந்துவிட்டது. பெட்ரோல் குழாயைக் கழற்றி, வண்டி துடைக்கிற பனியன் வேஸ்ட்டை நனைத்துக் கொடுத்தார். விரலில் போயிற்று, நக ஓரத்தில் ஒரு கீற்று நின்றது. எத்தனையோ ஆயிரம் கறையைப் பார்த்தவள், அந்தக் கீற்றைப் பார்த்துப் பயந்தாள். அழுத்தித் தேய்த்தால் உள்ளே இறங்கிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு ஒற்றி ஒற்றி எடுத்தாள். பள்ளிக்கூடத்துக் கேட்டருகே போலீஸ்காரர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது உள்ளே ஓடினாள்.

நிர்மலா அவள் விரலை மூக்கருகே வைத்துப் பார்த்தார். பெட்ரோல் வாடையில் தும்மிவிட்டு, மை வைக்கச் சொன்னார்.

அட்டை மறைப்புக்குள் பாண்டியம்மாள் தனியாக நின்றாள். சூப்பர்வைசர் இல்லை, புருஷன் இல்லை, ஏஜென்ட்டும் எட்டிப் பார்க்க முடியாது. பொத்தானை அழுத்தினாள். கண்ணாடிக்குள் சின்னச் சீட்டு ஒன்று தெரிந்து, அவள் பார்த்ததும் விழுந்து மறைந்தது. பீப் சத்தம் நீளமாகக் கேட்டது. தன் ஒரு விரலுக்கு இத்தனை மேசை, இத்தனை போலீஸ், இத்தனை ரகசியமா என்று மலைத்துப்போனாள். கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது, கும்பிட்டாள்.

மறுநாள் வேலைக்கு உட்கார்ந்ததும் பழைய கர்வம் விடவில்லை. யாருக்கும் தெரியாமல் அந்த மைமேல் மருந்தைப் பீய்ச்சினாள். அசையவில்லை. இன்னொரு மருந்து. அதற்கும் அசையவில்லை. தோற்றவள் சிரித்தாள். இந்த ஊரில் குடியிருந்த வீடுகளில் அவள் பெயர் தங்கவில்லை, வேலை பார்த்த கம்பெனிகளில் தங்கவில்லை. இது தங்கிவிட்டது.

அடுத்த பனியனை எடுத்தபோது திக்கென்றது. வெள்ளைத் துணியாயிற்றே, இந்த மை ஒட்டிவிட்டால்? விரலை அடியில் கொடுத்து அழுத்தி, எடுத்துப் பார்த்தாள். துணி பளிச்சென்று இருந்தது. அவளைத் தவிர வேறெதையும் அது பிடிக்கவில்லை.